ஜான்சனுக்கு பாஸ்வெல் மட்டும்தானா?

கேள்வி: ஆங்கில அகராதி தந்த பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் உயிர் நண்பர் பாஸ்வெல். அவரே நண்பரின் வாழ்க்கையை விலாவாரியாக எழுதிவைத்துவிட்டார். இன்னமும் ‘ஜான்சனின் நட்புகள்’ என்று பேராசிரியர்கள் ஆராய என்ன மிச்சம்? வெறும் வம்புதானே?

பதில்: பாஸ்வெல் ஜான்சனை முதன்முதலில் பார்த்தது 1763 மே 16 அன்று, லண்டனில் ஒரு புத்தகக் கடைக்காரர் வீட்டில். ஜான்சனுக்கு அப்போது வயது 53. அவருடைய அகராதி வெளிவந்தே எட்டு வருடம் ஆகியிருந்தது. பாஸ்வெல்லுக்கு 22. பிறகு எடின்பரோவில் வக்கீல் தொழில். கோர்ட் விடுமுறையில்தான் லண்டன் பயணம். 1791இல் வந்த அந்தத் தடித்த புத்தகத்தில் பெரும்பகுதி ஜான்சனின் கடைசி 21 வருடம். ஒரு மனிதனின் அந்திக்காலத்துச் சாட்சியை முழு ஆயுளுக்கும் சாட்சியாக்குகிறீர்கள்.

பல வருடம் தினசரி கூட இருந்து பார்த்தவர் ஜான்சனின் தோழி ஹெஸ்டர் த்ரேல். லண்டனை ஒட்டிய ஸ்ட்ரெத்தமில் இருந்த அவருடைய வீட்டில் ஜான்சனுக்கென்றே ஓர் அறை இருந்தது. விதவையான அவர் 1784இல் இத்தாலியப் பாடகர் பியோட்ஸியை மணந்தபோது ஜான்சன் வெடித்து எழுதிய கடிதம் பிரசித்தம். பாஸ்வெல்லை முந்திக்கொண்டு 1786இல் த்ரேல் ஜான்சனைப் பற்றிய தன் நினைவுகளை வெளியிட்டார். விடுவாரா பாஸ்வெல்? தன் புத்தகம் நெடுக அந்த அம்மாள் சொன்னதில் பிழை பிடிக்கிறார். போட்டியாளர் எழுதிய தீர்ப்பை இத்தனை காலம் அப்படியே நம்பினோம்! த்ரேலின் குறிப்பேடுகள் முழுமையாக அச்சேறியது 1942இல்தான். அயர்லாந்தில் ஒரு கோட்டையில் கிடந்த பாஸ்வெல்லின் நாட்குறிப்புகளும் இருபதாம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தன. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதற்கு நீங்கள் வைத்த பெயர் வம்பு.

ஜான்சன் வீட்டிலேயே இருந்தவர்கள் தனி: கண் தெரியாத கவிஞர் ஆனா வில்லியம்ஸ், பட்டம் இல்லாமல் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ராபர்ட் லெவெட். லெவெட் 1782இல் இறந்தபோது ஜான்சன் எழுதிய இரங்கற்பாவை, அகராதியை விட்டுவிட்டாவது படியுங்கள்.

ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரான்சிஸ் பார்பரும் அந்த வீட்டில்தான் வளர்ந்தார். சொத்தில் பெரும்பங்கை ஜான்சன் அவருக்கு எழுதிவைத்தார். ‘கறுப்பருக்கு இத்தனை தாராளமா?’ என்று அச்சிலேயே முகம் சுளித்தவர் ஜான் ஹாக்கின்ஸ். ஜான்சனின் பழைய நண்பர், உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர். பாஸ்வெல்லோ தன் புத்தகத்துக்குத் தகவல் கேட்டு பார்பரிடம்தான் போனார்.