எழுதுகிற நேரம், தேடுகிற நேரம்

கேள்வி: மென்பொருள் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. புதிதாகக் கோடு (நிரல்) எழுதும்போது நேரம் போவதே தெரியாது. ஒரு பக், அதாவது நிரலில் பிழை, வந்துவிட்டால் அந்த நாளே போச்சு. என் டீமில் ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை எழுதுவார். நானும் முயன்றேன், மறுநாள் தலைவலிதான் மிச்சம். எனக்கு இந்த வேலைக்கான கற்பனை இல்லையோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: நேரம் போவது தெரியாமல் எழுதுகிற உங்களுக்கா கற்பனை இல்லை? அந்தச் சந்தேகத்தை முதலில் விடுங்கள். எழுதுகிற அதே வேகத்தோடு பக்கைத் தேடப் போகிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு இது புரிந்தது ஒரு பால் விநியோகக் கணக்கு மென்பொருளில். தினசரி அறிக்கையில் சில பில்கள் விடுபட்டன. ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, தோன்றிய இடத்தையெல்லாம் மாற்றினேன். இரண்டு மணிக்குள் பத்து இடத்தில் கை வைத்திருந்தேன். பில்கள் வரவில்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பக்கமும் கெட்டது. காலையில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, விடுபட்ட பில்களின் நேரத்தை ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன். 4.10, 4.35, 4.50, 5.20. ஐந்தரைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். விடியற்காலை பில்களெல்லாம் முந்தின நாள் கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. திருத்தம் ஒரே வரி.

அன்றிலிருந்து பக் என்றால் முதலில் நோட்டுதான். என்ன நடக்கிறது, எதனால் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன், எதைப் பார்த்தால் அது உறுதியாகும் – இந்த மூன்றையும் எழுதாமல் கோடில் கை வைப்பதில்லை. மாற்றினாலும் ஒரு தடவைக்கு ஒன்றுதான். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கவே இருக்கிறது. பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவதால், ஆயிரம் கமிட் (பதிந்த மாற்றம்) இருந்தாலும் ஏறக்குறைய பத்து சோதனையில் எந்தக் கமிட்டில் பக் வந்தது என்று காட்டிவிடும்.

அப்புறம், பக் தேடிய நாள் வீணான நாள் என்று கணக்கு வைக்காதீர்கள். கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற ஆரம்பகாலக் கணினியை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸுக்கு, 1949-இல் அதற்கான நிரலைத் துளையிட்ட காகித நாடாவோடு மாடிப்படி ஏறி இறங்கிய நாட்களில் ஒன்று உறைத்தது: மீதி வாழ்நாளில் ஒரு நல்ல பகுதி தன் சொந்த நிரல்களில் பிழை தேடுவதிலேயே போகப்போகிறது! அவருக்கே அப்படி.

உங்கள் நேரம் எது என்று ஹெட்போன்காரரைப் பார்த்துத் தெரியாது. உங்கள் கிட் லாக்கை, அதாவது கமிட்களின் பதிவேட்டை, பாருங்கள். கடந்த இரண்டு மாதக் கமிட்களில் எவற்றை மறுபடி திருத்த வேண்டி வந்தது, அவற்றை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தபோது என்னுடையவை பெரும்பாலும் ராத்திரி ஒன்பதுக்கு மேல் போட்டவை. இப்போது காலை இரண்டு மணி நேரம் எழுத மட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தேடல். உங்களுக்கு இது தலைகீழாகக்கூட இருக்கலாம். தெரிந்ததும் அந்த நேரத்தில் மீட்டிங் வைக்க வேண்டாம் என்று லீடிடம் தயங்காமல் கேளுங்கள்.

சாயந்திரம் கிளம்பும்போது தோற்கிற ஒரு டெஸ்ட்டை (கோடு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சிறு நிரலை) எழுதி அப்படியே விட்டுவிட்டுப் போங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டாம், டெஸ்ட் தோற்றதைக் காட்டும் அந்தச் சிவப்பு வரி காத்திருக்கும்.