சான்றிதழ் தராத பயிலரங்கால் என்ன பயன்?

மகள் பைத்தான் என்ற கணினி நிரல்மொழிக்கான பயிலரங்குக்குப் போய்வந்தாள், சான்றிதழ் தரவில்லை, பாதி புரியவும் இல்லை என்கிறாள், இதனால் வேலைக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சான்றிதழை விடுங்கள். பங்கேற்புச் சான்றிதழைப் பார்த்து ஆளெடுக்கும் மென்பொருள் நிறுவனத்தை நான் கண்டதில்லை. பாதி புரியாததற்கும் கவலை வேண்டாம். ஒரு அமர்வில் பேசியவரே அடுத்த அமர்வில் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அங்கே சகஜம்.

முதலில் அவளிடம் ஒன்று கேளுங்கள்: நிரல் பிழை காட்டியபோது பக்கத்தில் இருந்த அனுபவசாலி என்ன செய்தார்? அநேகமாக, திரையில் கொட்டிய வரிகளில் கடைசி வரியை முதலில் படித்திருப்பார். பைத்தானில் என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். அப்புறம்தான் மேலே போய் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று தேடுவார். ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’, அதாவது தேவையான நிரல்தொகுப்பு கிடைக்கவில்லை என்று வந்தால் அவசரப்பட்டு மறுபடி நிறுவ மாட்டார். கணினியில் இரண்டு பைத்தான் இருந்து, ஒன்றில் நிறுவிவிட்டு மற்றதில் ஓட்டுகிறோமா என்று பார்ப்பார். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் திணறுவது இந்த மாதிரி இடங்களில்தான். பாடப்புத்தகத்தில் இது அதிகம் வராது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

இன்னொன்று, எல்லார் முன்னாலும் திருத்தம் வாங்கிக்கொள்ளும் பழக்கம். 1991-இல் வெளிவந்த பைத்தான் வளர்ந்ததே அப்படித்தான். மொழியில் பெரிய மாற்றம் வேண்டுமென்றால் ‘பெப்’ என்ற முன்மொழிவை எழுதி, பொதுவில் வைத்து விவாதிக்கிறார்கள். பைகான் போன்ற பைத்தான் மாநாடுகளில் உரைகள் முடிந்தபின் ‘ஸ்பிரிண்ட்’ என்று தனியாக நாள் ஒதுக்குவார்கள். புதியவர்களும் மென்பொருள் திட்டங்களைப் பராமரிப்பவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யலாம்.

சரி, இப்போது அவள் செய்ய வேண்டியது: தான் பயன்படுத்தும் ஏதாவது ஒரு நிரலகத்துக்கு (பிறர் எழுதிவைத்த நிரல்தொகுப்புக்கு), நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள பக்கத்தில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவர்களுக்கு ஏற்றது) என்று குறியிட்ட சின்ன வேலை ஒன்றை எடுக்கட்டும். ஆவணத்தில் ஓடாமல் கிடக்கும் ஓர் எடுத்துக்காட்டைச் சரிசெய்தாலும் போதும். அனுப்பிய திருத்தம் ‘இதை மாற்று, சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை நிரலும் எழுது’ என்று திரும்பி வரலாம். வரட்டும், நல்லதுதான். நேர்முகத் தேர்வில் பேச அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. சுயவிவரத்தில் ‘பயிலரங்கில் கலந்துகொண்டேன்’ என்ற வரியை எடுத்துவிட்டு அந்தத் திருத்தத்தின் இணைப்பைப் போடச் சொல்லுங்கள்.

ஒன்றும் செய்யாமல் பயிலரங்கு பயிலரங்காகப் போய்க்கொண்டிருந்தால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். ‘வேலை உத்தரவாதம்’ என்று கட்டணம் கேட்பவை வேறு ரகம், அந்தப் பக்கமே போக வேண்டாம். சமூகப் பயிலரங்குகள் பல இலவசம்தான். பெரிய மாநாடுகள் சிலவற்றில் மாணவர்களுக்குப் பயண உதவியும் உண்டு. கடைசித் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.