'போயிருந்தேன்' படுத்தும் பாடு

'ஐ ஹேட் கான் டு த மியூசியம் எஸ்டர்டே' என்று பயணக் குறிப்பில் எழுதியது ஏன் தவறு என்று கேட்டிருந்தீர்கள். நம் 'நேற்று போயிருந்தேன்' அப்படியே ஆங்கிலத்துக்குள் புகுந்துவிட்டது, அவ்வளவுதான். நானும் வருடக்கணக்கில் இப்படித்தான் எழுதினேன். தனியாக ஒரு நிகழ்ச்சி என்றால் 'ஐ வென்ட்' போதும். கடந்த காலத்திலேயே ஒன்றுக்கு முன்னால் இன்னொன்று முடிந்திருந்தால்தான் 'ஹேட்' வேண்டும்: 'வென் வீ ரீச்ட் த ஜெட்டி, த போட் ஹேட் லெஃப்ட்.' நாம் படகுத்துறைக்குப் போய்ச் சேருமுன்பே படகு கிளம்பிவிட்டது.

அப்புறம், சுற்றுலாச் சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். வினையோடு சேர்த்துப் பழகுங்கள்: 'வென்ட் சைட்சீயிங்', 'டுக் எ கைடட் டூர்'. போனில் இருக்கும் பழைய பயணப் படம் ஒன்றை எடுத்து, தினமும் மூன்று வரி எழுதிப் பாருங்கள்.