செங்காந்தள் எங்கே, எப்படி வளர்கிறது என்று பள்ளிக் குழந்தைக்கு எப்படி விளக்குவது?

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைப் பற்றிச் சொல்லும்போது, பூவைவிட இலையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஏனெனில், தனித்து நிமிர்ந்து நிற்க வலுவில்லாத இக்கொடி, ஒவ்வோர் இலையின் நுனியையும் சுருள்கம்பி போல நீட்டி, அருகிலுள்ள புதரைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதனால்தான் காட்டோரங்களிலும் புதர்க்காடுகளிலும் வேலிகளிலும் இது இயல்பாக வளர்கிறது.

கோடையில் கொடி முழுவதும் காய்ந்துவிட்டாலும், மண்ணுக்கடியில் கலப்பை வடிவில் இருக்கும் கிழங்கு உறங்கிக் கிடந்து, மழை பெய்ததும் மீண்டும் துளிர்க்கிறது; கார்த்திகையிலும் பூப்பதால் கார்த்திகைப் பூ என்ற பெயரும் உண்டு. பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்களும் முதலில் பசுமஞ்சளாக இருந்து, நாள் செல்லச் செல்லச் செந்நிறமாகின்றன. சங்கப் புலவர்கள் இவ்விதழ்களை மகளிர் விரல்களுக்கு உவமையாக்கினார்கள்.

ஒன்றைக் குழந்தையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: செடி முழுவதிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்ச்சிசின் என்னும் கொடிய நச்சுப்பொருள் இருப்பதால், இதைக் கண்ணால் மட்டுமே ரசிக்க வேண்டும், பறிக்கவோ வாயில் வைக்கவோ கூடாது.