சிரைவழி ஊட்டத்தில் சோயா எண்ணெய்ப் பால்மமா, நான்கு எண்ணெய்க் கலவையா?

குடல்வழியாக உணவு ஏற்க முடியாத நோயாளிக்குச் சிரைவழியாகச் செலுத்தும் கொழுப்புப் பால்மங்களில் (நீரில் எண்ணெய் நுண்துளிகளாகக் கலந்த பால்போன்ற திரவங்களில்), சோயா எண்ணெயால் மட்டும் ஆனதைக் கைவிட்டு எல்லோருக்கும் நான்கு எண்ணெய்கள் கொண்ட புதிய கலவையையே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனை மருந்தகத்தில் இந்தப் பைகளைக் கையாள்பவன் என்ற முறையில், எந்த எண்ணெய் என்பதற்கு முன் எத்தனை நாள்களுக்கு, யாருக்கு என்றே நான் கேட்பேன்.

1960களின் தொடக்கத்தில் சுவீடனில் ஆர்விட் விரெட்லிண்ட் உருவாக்கிய இன்ட்ராலிப்பிட் சோயா எண்ணெயால் ஆனது. அதில் ஏறத்தாழப் பாதி லினோலெயிக் அமிலம் என்பதால், உடல் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத கொழுப்பு அமிலங்களின் குறையைப் போக்கச் சிறிதளவே போதும். ஆனால் அது ஒமேகா-6 வகையாதலால் அழற்சியைத் தூண்டக்கூடும் என்ற ஐயம் உண்டு. அதைவிட வலுவான குற்றச்சாட்டு, சோயாவின் தாவர ஸ்டீரால்கள் (கொலஸ்ட்ரால் போன்ற தாவரப் பொருள்கள்) கல்லீரலிலிருந்து பித்தம் ஓடுவதைத் தடைப்படுத்துகின்றன என்பது. நான்கு எண்ணெய்க் கலவையான ஸ்மாஃப்லிப்பிடில் சோயா 30, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு 30, ஆலிவ் 25, மீன் எண்ணெய் 15 விழுக்காடு. வைட்டமின் ஈ-யும் கூடுதலாக உண்டு. குடலின் பெரும்பகுதியை இழந்து மாதக்கணக்கில் இந்த ஊட்டத்தையே நம்பியிருக்கும் குழந்தைக்குக் கல்லீரல் பாதிப்பு தலைகாட்டினால், கலவையின் பக்கமே நான் சாய்வேன். மீன் எண்ணெய் மட்டுமே கொண்ட ஓமெகாவெனுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் ஒப்புதல் அளித்ததும் இத்தகைய குழந்தைகளுக்காகத்தான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கல்லீரலைக் காப்பதாக எண்ணிக் கலவையின் அளவையும் வெட்டிக் குறைத்தால், அதில் லினோலெயிக் அமிலம் ஏற்கெனவே குறைவு என்பதால், இன்றியமையாத கொழுப்பு அமிலங்களுக்கே பஞ்சம் வந்துவிடும்.

அறுவைக்குப் பின் ஒரு வாரம் மட்டும் தேவைப்படும் பெரியவருக்கு எண்ணெயைவிட அளவும் வேகமும் முக்கியம் என்பது என் கருத்து. 20 விழுக்காட்டுப் பால்மம் மில்லிலிட்டருக்கு 2 கிலோகலோரி தரும். மயக்கத்துக்கு ஓடும் புரோபோஃபோலும் 10 விழுக்காட்டுக் கொழுப்புப் பால்மம்தான், மில்லிலிட்டருக்கு 1.1 கிலோகலோரி தரும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் உண்டு. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் எந்த எண்ணெயானாலும் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியதுதான். பையின் மேற்பரப்பில் மஞ்சள் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் பால்மம் உடைந்துவிட்டது; குலுக்கிப் பார்க்காமல் அப்புறப்படுத்த வேண்டும்.

முட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு எண்ணெயை மாற்றிப் பயனில்லை: நான் குறிப்பிட்ட எல்லாவற்றிலும் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் வைக்கும் பால்மமாக்கியாக இருப்பது முட்டை மஞ்சள்கருவின் பாஸ்போலிப்பிடே.