2 டன் ஏசி எதற்கு?

கேள்வி: எங்கள் படுக்கையறை 12-க்கு 12 அடி. மேலே மொட்டை மாடி, மேற்கில் பெரிய ஜன்னல். இரண்டு பேர் படுக்கிறோம். கடையில் 2 டன் ஏசி வாங்கச் சொல்கிறார்கள், நண்பர் 1 டன் போதும் என்கிறார். குளிர்காலத்தில் ஹீட்டிங்கும் வேண்டும். எதை வாங்குவது?

பதில்: 1.5 டன் வாங்குங்கள். டன் என்றால் மெஷினின் எடை இல்லை, ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்ற கணக்கு. 1 டன் என்பது சுமார் 3.5 கிலோவாட்.

இதே அறை நடு மாடியில் இருந்தால் நண்பர் சொன்னதுதான் சரி. உங்களுக்கு மொட்டை மாடிதான் வில்லன். கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கும் நேரத்தில் அதை அறைக்குள் இறக்கும். ஆள் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் வெளிவிடுவது 100 வாட் அளவுதான், தளம் இறக்குவது அதைப்போல் பல மடங்கு. மாடியில் வெப்பத் தடுப்பு ஓடு பதித்து, ஜன்னலுக்கு வெளியே நிழல் கொடுத்துவிட்டால் 1 டன்னே போதும். வெறும் வெள்ளைப் பூச்சு என்றால் அது அழுக்கேறாமல் இருக்கும்வரைதான் பலன், அதை நம்பி டன்னைக் குறைக்காதீர்கள்.

சரி, பெரிதாக வாங்கினால் என்ன கெட்டுப்போகிறது? அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். “இன்வெர்ட்டர் சார், தானே குறைச்சுக்கும்” என்பார்கள் கடையில். அதாவது தேவைக்கேற்ப கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏசி. குறைக்கும்தான், ஆனால் ஓரளவுக்குக் கீழே அதாலும் இறங்க முடியாது. அந்தக் குறைந்தபட்ச அளவைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள். பெரிய மெஷினில்தானே கமிஷனும் பெரிது! சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு டன் சொல்பவர் கணக்குப் போடவில்லை, விற்கிறார். அந்தக் குறைந்தபட்ச அளவை அட்டைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டால் என்ன?

அப்புறம் ஹீட்டிங். விளம்பரத்தில் இருக்கும் ஹீட்டிங் திறன் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்த எண். வெளியே குளிர் ஏற ஏற அது குறையும். உங்கள் ஊரின் மிகக் குளிரான இரவில் எத்தனை கிலோவாட் தரும் என்று கடைக்காரரை எழுதித் தரச் சொல்லுங்கள். கையேட்டில் அட்டவணை இருக்கும், அவரே தேடட்டும்.