அப்பாவின் 800: எஞ்சினுக்கு முன்னால் தரையைப் பாருங்கள்

கேள்வி: அப்பா 1996-ல் புதிதாக வாங்கிய மாருதி 800 வீட்டில் நிற்கிறது. 1,90,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். அன்றாடம் ஓட்ட வேறு கார் இருக்கிறது. இதை ஞாயிற்றுக்கிழமை வண்டியாக வைத்துக்கொள்ள ஆசை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் புகை நின்றுவிடுகிறது. எஞ்சினை இறக்கி முழு வேலை பார்க்க 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். விற்றால்கூட அவ்வளவு வருமா தெரியவில்லை. செலவு செய்யலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதல் பணத்தை எஞ்சினில் போடாதீர்கள்.

பழைய காரை வைத்துக்கொள்ளலாமா என்பதைக் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்ய முடியாது. துருவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 800-இன் எஞ்சின் 796 சிசி, மூன்றே சிலிண்டர். ஊருக்கு ஊர் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ரிங், பிஸ்டன், வால்வு எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. தகடு அரித்துவிட்டால் கதை வேறு. வெட்டி, வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் எஞ்சின் செலவையே தாண்டிவிடும். அடுத்த மழைக்காலத்தில் பக்கத்துத் தகடு ஆரம்பிக்கும்.

நான் ஒரு 800-ஐ எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு வாங்கினேன். அவ்வளவு அருமையாக ஓடியது. மூன்றாவது வாரம் டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கியபோது ஈர வாடை அடித்தது. அடியில் ஒட்டியிருந்த கறுப்பு ஷீட்டை உரித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தினேன். டீயில் நனைந்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல இறங்கியது. ஓட்டை வழியாக வீட்டு வாசல் சிமெண்ட் தரை தெரிந்தது. எனக்கு விற்றவர் அதன்மேல் புது மேட் போட்டிருந்தார்.

அதனால் இந்த வாரமே வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களே கீழே போய் நில்லுங்கள். தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, பின் சக்கர வளைவு, பேட்டரி உட்காரும் இடம், முன் சஸ்பென்ஷன் மேலே போல்ட் ஆகும் இடம், இவற்றைப் பாருங்கள். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம் அரித்திருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். மற்ற இடங்கள் என்றால் சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது புகை. காலையில் மட்டும் வந்து நின்றுவிடும் நீலப் புகைக்குப் பெரும்பாலும் காரணம் வால்வு சீல். ரப்பர் இறுகிப்போனதால் ராத்திரி நிற்கும்போது ஆயில் கசிந்து இறங்கி, காலையில் எரிகிறது. இதற்கு எஞ்சினை இறக்க வேண்டியதில்லை, மேல் வேலையிலேயே முடியும். ஓடும்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புகை வந்தால்தான் ரிங், போர் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் சுவர்) என்று சந்தேகப்பட வேண்டும்.

சம்மதம் சொல்வதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை கேளுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்ப்பார்கள், அரை மணி நேர வேலை. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. கேஜைக் கையில் எடுக்காமலே 40,000 சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மிச்சப்படும் பணத்தை ரப்பரில் போடுங்கள். பிரேக் ஹோஸ், பின் வீல் சிலிண்டர், கூலன்ட் ஹோஸ், டைமிங் பெல்ட். கடைசியாக மாற்றியது எப்போது என்று தெரியாத பெல்ட்டை மாற்றிவிடுவதுதான் நல்லது. டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த வயசு டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

கேள்வி: என்னிடமும் கார்புரேட்டர் 800 தான். ஒரு மாதம் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது.
– சென்னை வாசகர்

பதில்: முதலில் வாடை. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும்வரை ஓட்ட வேண்டாம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. உங்கள் வண்டியின் ஹோஸும், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வும் அதை நினைத்துச் செய்தவை அல்ல. ரப்பர் உப்பும், வெடிப்பு விடும். ஜி.பி. ரோட்டுக் கடைகளில் எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை எல்லாவற்றையும் மாற்றுங்கள், கிளிப் உட்பட. புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவு, டேஷ்போர்டு எல்லாம் பழசில் வாங்கலாம். ரப்பரையும் பிரேக் சாமானையும் மட்டும் பழசில் வாங்கவே வாங்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம், கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சின்னத் துளையை அடைப்பது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் வாரம் ஒருமுறை இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிடுவதில் பலனில்லை, எஞ்சின் சூடாவதே இல்லை. அப்புறம், நாள் கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பின் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கேள்வி: (திருச்சி வாசகரே) ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான். 2026-ல் முடிகிறது.

பதில்: இதை எஞ்சினுக்கும் முன்னால் கவனியுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதமாகிவிட்டது, பரவாயில்லை, உடனே போங்கள். இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விபத்து ஆனபிறகு பெயர்ச் சிக்கலோடு அலைவது மிகக் கொடுமை.

புதுப்பிக்கப் படிவம் 25, முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து கொடுக்கலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஐந்து வருடத்துக்குப் பிரித்துப் பார்த்தால் தாங்கும். வண்டியை டெஸ்டுக்குக் காட்ட வேண்டும் என்பதால் பிரேக், லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: பழைய கார் என்பதால் 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய முடியுமா?
– மதுரை வாசகர்

பதில்: முடியாது. 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். முதல் 800 வந்ததே 1983 டிசம்பரில். அப்படிப் பதிந்த வண்டியை வழக்கமான ஓட்டத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை டிபன் சாப்பிடப் போக உங்களுக்குச் சாதாரண ஆர்.சி.யே வசதி.